அறுக்காமல் விட்ட ஓரம்

ஐப்பசி, மழை விட்ட வாரம்

சானமாவுக் காடு பெரிய காடு இல்லை. ஒரு பக்கம் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஓடும் தேசிய நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் ராயக்கோட்டை சாலை. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட காடு. சுற்றிலும் போடூர், ஆழியாளம், ராமாபுரம், பீர்ஜேப்பள்ளி, கோபசந்திரம் என்று ஊர்கள். ராகி, தக்காளி, அவரை, முட்டைக்கோஸ், மேட்டில் ரோஜாவுக்குப் போட்ட பசுமைக்குடில்கள். மேற்கே பார்த்தால் விடிய விடிய அணையாத ஓசூர் வெளிச்சம். இந்தப் பக்கம் திரும்பினால் காட்டின் இருட்டு.

ராகி பால் பிடிக்கும் நேரத்துக்குச் சரியாகப் பன்னேர்கட்டாவிலிருந்து யானைகள் கிளம்பிவிடும். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, நொகனூர் என்று காடு காடாகக் கடந்து இங்கே வந்து தங்கும். செய்தி முதலில் வாட்ஸ்அப்பில் வரும், பிறகு வனத்துறை ஜீப்பின் ஒலிபெருக்கியில். விறகுக்குக் காட்டுக்குள் போகாதீர்கள், ஆடு மாடு ஓட்டாதீர்கள், ராத்திரி வயலில் படுக்காதீர்கள். எல்லோரும் கேட்டுக்கொள்வார்கள். ராகி போட்டவர்கள் ராத்திரி வயலுக்குத்தான் போவார்கள். வேறு என்ன செய்வார்கள்?

நான் சிப்காட் பக்கம் ஒரு கம்பெனியின் ஓ.ஹெச்.சி.யில் நர்ஸ். கையில் வெட்டு, தலைசுற்றல், வயிற்றுவலி என்று ஷிஃப்டுக்கு நடுவில் தொழிலாளர்கள் வந்து நிற்கும் சின்ன அறை அது. பிறந்தது எலத்தகிரியில். அங்கே கோயில் மணிக்கு எழுந்து கோயில் மணிக்குப் படுக்கலாம். விசுவாசம் என்பது ஊரோடு சேர்ந்த காரியம், தனியாக யோசிக்க வேண்டியதில்லை. வாழ்க்கைப்பட்டு வந்த இந்தப் பக்கத்தில் அக்கம்பக்கத்தார் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள். பூசைக்கு ஓசூருக்கு பஸ் ஏற வேண்டும். வாரத்தில் மீதி ஆறு நாளும் நற்செய்தி என் காதில் எந்த வழியாக விழும் என்று பார்க்கத் தொடங்கினேன். அப்படிப் பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

இரவு ஷிஃப்ட்

எங்கள் ரிஜிஸ்டரில் கட்டங்கள் உண்டு. பெயர், டோக்கன் நம்பர், என்ன தொந்தரவு, கொடுத்த மாத்திரை, வந்த நேரம், போன நேரம்.

நள்ளிரவு தாண்டி ஒரு பெண் வந்தாள். ஜார்க்கண்ட். வந்து சில மாதங்கள்தான் ஆகிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மாதாந்திர வலி. கையுறையைக் கழற்றச் சொன்னேன். ஷிஃப்ட் முழுக்க உள்ளே வியர்த்த விரல்நுனிகள், வெகுநேரம் துணி துவைத்த கைபோல வெளுத்துச் சுருங்கியிருந்தன. மணிக்கட்டில் கறுப்பு நூலில் முடிச்சுப் போட்டுச் செய்த செபமாலை. உலோகம் எதையும் உள்ளே அணியக் கூடாது என்பதால் நூலிலேயே முடிந்துகொண்டிருக்கிறாள். எண்ணிப் பார்த்தேன், பத்து முடிச்சும் ஒரு சின்னச் சிலுவையும்.

மாத்திரை கொடுத்தேன். வெந்நீர்ப் பை கொடுத்தேன். வேறு ஏதாவது வேண்டுமா என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். அவள் மேலே ட்யூப் லைட்டைக் காட்டினாள். "தீதி, லைட் பந்த்?" அவ்வளவுதான். இரவெல்லாம் கண் கூசும் வெளிச்சத்தில் சின்னஞ்சிறு பாகங்களைப் பார்த்துக்கொண்டே நிற்கிற பெண், கொஞ்சம் இருட்டு கேட்டாள். கட்டிலுக்கு மேலிருந்த விளக்கை அணைத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மாற்கு நற்செய்தியில் வரும் அந்தப் பெண்ணை நர்ஸாக இருப்பவள் மறக்கவே முடியாது. பன்னிரண்டு வருஷம் இரத்தப்போக்கு. வைத்தியர்களிடம் அலைந்து கையிலிருந்ததெல்லாம் கரைந்துவிட்டது. கூட்டத்தில் பின்னால் வந்து இயேசுவின் ஆடையைத் தொடுகிறாள், சுகமாகிறாள். கதை அங்கேயே முடிந்திருக்கலாம். அவர் நின்றுவிடுகிறார். யார் தொட்டது என்று கேட்டுத் திரும்பிப் பார்க்கிறார். அவள் நடுங்கிக்கொண்டு வந்து நடந்ததெல்லாம் சொல்கிறாள். பன்னிரண்டு வருஷத்துக் கதையை ஒரு பெண் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? நற்செய்தியில் அந்தக் கணக்கு இல்லை. அவ்வளவு நேரமும் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். கடைசியில் மகளே என்று கூப்பிடுகிறார்.

இத்தனையும் நடக்கும்போது பக்கத்தில் இன்னொருவர் நிற்கிறார், யாயிர். அவர் மகள் சாகக் கிடக்கிறாள். அவளைப் பார்க்கத்தான் இயேசுவை அவசரமாக அழைத்துப் போகிறார். நடுவழியில் இந்த நிறுத்தம். அதற்குள் மகள் இறந்துவிட்டாள் என்று வீட்டிலிருந்து ஆள் வந்துவிடுகிறது. அந்தத் தகப்பனுக்கு அந்தச் சில நிமிஷங்கள் எப்படி இருந்திருக்கும்!

அன்று கதவருகே லைன் லீடர் வந்து நின்றார். அந்தப் பெண்ணின் இடத்துக்கு ஆள் போட வேண்டும், இல்லாவிட்டால் லைன் தேங்கும், காலையில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவரும் வீட்டில் கைக்குழந்தையை விட்டுவிட்டு இரவு ஷிஃப்டுக்கு வருகிறவர். "எவ்வளவு நேரம் சிஸ்டர்?" என்று மெல்லத்தான் கேட்டார். கொஞ்ச நேரம் என்றேன். ஒரு முறை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல், அவள் இடத்தில் தானே போய் நின்றார்.

யாயிரும் அப்படித்தான் நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். இயேசுவிடம் அவர் சண்டை போட்டதாக மாற்கு எழுதவில்லை.

கல்லறைத் திருநாள்

நவம்பர் 2. எலத்தகிரிக்குப் போய் அப்பா கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். எப்போதும் ஒன்று கூடுதலாக வாங்குவேன். சில வருஷங்களாக அது அத்திப்பள்ளிக்கு.

2023 அக்டோபர் 7ஆம் தேதி, ஓசூரைத் தாண்டி எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியில் ஒரு பட்டாசுக் கடையில் தீப்பிடித்து 14 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் தருமபுரி, திருப்பத்தூர், கள்ளக்குறிச்சி மாவட்டத்துப் பையன்கள். படிக்கிற வயது. தீபாவளி நேரத்தில் சில வாரம் வேலை செய்தால் காலேஜ் ஃபீஸுக்கு ஆகும் என்று வந்தவர்கள். தருமபுரி மாவட்டத்தில் அம்மாபேட்டை என்ற ஒரே ஊரிலிருந்து மட்டும் பல சவப்பெட்டிகள்.

அவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. எந்தச் சாமியைக் கும்பிட்டவர்கள் என்றும் தெரியாது. தெரியாதவர்களுக்காகச் செபிப்பதற்கென்று திருச்சபை ஒரு நாளை ஒதுக்கி வைத்திருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். பெயர் தெரியாத ஒருவனுக்காகத் திரி பற்றவைக்கும்போது அவன் அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று மனம் தானாக யோசிக்கிறது. வேறு எந்தப் பயிற்சியும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

ஞாயிறு

ஓசூர்க் கோயிலில் இப்போது கடைசி நான்கைந்து பெஞ்சு வடநாட்டுப் பெண்களுக்குரியதாகிவிட்டது. யாரும் ஒதுக்கவில்லை, அவர்களே அங்கே போய் உட்காருகிறார்கள். பூசை தமிழில். எழுந்து நிற்கும்போது எழுகிறார்கள், முழங்காலிடும்போது முழங்காலிடுகிறார்கள். பாட்டு வரும்போது உதடு மூடியிருக்கிறது. பரலோக மந்திரம் சொல்லும்போது மட்டும் உதடு அசைகிறது, வேறு மொழியில், கொஞ்சம் முன்னே பின்னே. முடியும்போது எல்லோரும் ஒன்றாக முடிக்கிறோம்.

"இவங்க எல்லாம் எப்ப மதம் மாறினாங்க?" என்று பக்கத்து பெஞ்சு அக்கா ஒருநாள் கேட்டார். நல்ல மனசுதான். அவருக்கு மட்டும் இல்லை, தெற்கே இருக்கிற நம்மில் பலருக்கும் தெரியாது. ஜெர்மனியிலிருந்து காஸ்னர் மிஷன்காரர்கள் ராஞ்சிக்கு வந்தது 1845இல். கான்ஸ்டன்ட் லீவன்ஸ் என்ற பெல்ஜியத்து இயேசு சபைக் குரு 1885இல் சோட்டாநாக்பூருக்கு வந்தார். முண்டாக்களும் ஒராவோன்களும் ஜமீன்தார்களிடம் நிலத்தை இழந்துகொண்டிருந்த காலம். குத்தகை என்ன, பேகார் என்ற கூலியில்லாக் கட்டாய வேலை என்ன, கோர்ட்டில் என்ன கேட்க வேண்டும் என்று அவர் நிலச் சட்டத்தைப் படித்தார். சனங்களோடு நீதிமன்றத்துக்குப் போனார். ஞானஸ்நானம் பெற ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். அவர் செய்த பிரசங்கத்தைவிட அவர் படித்த சட்டப் புத்தகத்தில்தான் நற்செய்தி அவர்களுக்குப் புரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவரின் துன்பம் எதனால் வந்தது என்று உட்கார்ந்து படிப்பதும் இரக்கம்தானே. இன்று சிம்டேகா மாவட்டத்தில் பாதிக்கும் சற்று மேல் கிறிஸ்தவர்கள். அந்தத் தாத்தா பாட்டிகளின் பேத்திகள்தான் நம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். அடுத்த வாரம் அவர் இரண்டு பெஞ்சு பின்னால் தள்ளி, அந்தப் பெண்களோடு போய் உட்கார்ந்தார்.

கார்த்திகை, ராகி அறுப்பு

எங்கள் நிலத்துக்கு அடுத்த நிலம் ஒரு தாத்தாவுடையது. வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். ராத்திரி பரணில் உட்கார்ந்து தகரத்தைத் தட்டிக்கொண்டிருப்பார். நேற்று அவர் மருந்து வாங்க ஓசூர் போய்த் திரும்ப நேரமாகிவிட்டது. காலையில் போய்ப் பார்த்தோம். காட்டோரமாக அரை ஏக்கர் போயிருந்தது.

யானை தின்ற வயலைப் பார்க்காதவர்கள் மிதித்து நாசமாக்கிவிட்டுப் போகும் என்று நினைப்பார்கள். மிதிக்கத்தான் செய்யும். ஆனால் தின்பது நிதானமாக. ஒரு பிடி ராகியை வேரோடு இழுத்து, முன்னங்காலில் தட்டி மண்ணை உதிர்த்துவிட்டுத் தின்னும். உதிர்ந்த மண் அங்கங்கே சின்னக் குவியலாகக் கிடந்தது. காலடிப் பள்ளங்களில் தண்ணீர் ஊறியிருந்தது. குட்டியின் தடமும் இருந்தது. தாத்தா அதன் பக்கத்தில் குந்தி, உள்ளங்கையை விரித்து வைத்து அளந்து பார்த்தார்.

"பசிக்குத்தான் வந்துச்சு," என்றார். "நமக்கும் பசிக்குதே, அதுதான் கஷ்டம்."

லேவியர் ஆகமத்தில் ஒரு சட்டம் உண்டு. அறுவடை செய்யும்போது வயலின் ஓரம்வரை ஒட்ட அறுக்காதே. சிந்தியதைப் பொறுக்காதே. ஏழைக்கும் அந்நியனுக்கும் அதை விட்டுவிடு. இணைச்சட்டத்தில் இன்னொன்று: வயலில் ஒரு கட்டை மறந்துவிட்டு வந்தால் அதை எடுக்கத் திரும்பிப் போகாதே. இவை பிச்சை போடச் சொல்லும் சட்டங்கள் இல்லை. ஓரம் நிலத்துக்காரனுடையதே இல்லை, பசித்தவனுக்கு அதில் உரிமை உண்டு, அவன் கையேந்திக் கேட்க வேண்டியதில்லை.

இந்தச் சட்டத்தை நினைத்துக்கொண்டு அந்த வயலில் நின்றபோது எனக்குச் சுலபமாக ஒரு பக்தி வந்திருக்கும். யானையும் அந்நியன்தான், ஓரத்தை எடுத்துக்கொண்டது என்று. அப்படி எழுதக் கை வரவில்லை. தாத்தா விட்ட ஓரம் இல்லை இது, அவரிடமிருந்து போன ஓரம். ஒன்றரை ஏக்கர்க்காரருக்கு அரை ஏக்கர் ஓரமே அல்ல, மூன்றில் ஒரு பங்குச் சோறு. யானைகளின் வழித்தடத்தில் ரோடு போட்டது அவர் இல்லை. கம்பெனி கட்டியது அவர் இல்லை. லேஅவுட் போட்டு விற்றதும் அவர் இல்லை. அதனால் வந்ததெல்லாம் ஒட்டுமொத்தமாகப் பரணில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவர் தலையில் விழுகிறது. மோசேயின் சட்டம் பெரிய வயலுக்குப் பெரிய ஓரம் கேட்கும் சட்டம். இன்றைக்கு இந்த வட்டாரத்தில் பெரிய வயல் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வயல்களில்தான் கடைசி அங்குலம்வரை அறுக்கிறார்கள்: நிலத்தில், தண்ணீரில், ஆட்களின் தூக்கத்தில். கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி வருவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தாத்தாவின் மகன் வெளியூரில். நான்தான் போனில் படம் எடுத்தேன். தடம், பிடுங்கிய ராகி, நிலத்தின் நாலு மூலை. கிராம நிர்வாக அலுவலருக்கு ஒன்று, வனத்துறைக்கு ஒன்று என்று மனு எழுதினோம். நிவாரணம் வரும், வர நாளாகும். மனுவில் "காட்டு யானைகளால்" என்று எழுதியபோது தாத்தா நிறுத்தினார். குட்டி இருந்ததையும் எழுதச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். "பட்டாசு போட்டு வெரட்டறப்ப பாத்து வெரட்டுவாங்க இல்ல."

அரை ஏக்கரைப் பறிகொடுத்தவர் பேசுகிற பேச்சு இது. எந்த வேதபாட வகுப்பிலும் எனக்கு யாரும் பகைவரை நேசிப்பதைப் பற்றி இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ரூத்து

ஓரத்தை விட்டுவைக்கச் சொல்லும் அதே சட்டத்தை நம்பித்தான் ரூத்து பெத்லகேமில் வாற்கோதுமை வயலுக்குப் போகிறாள். மோவாபுக்காரி. வேற்று மொழி, வேற்று நாடு, கூடவே விதவை மாமியார். நிலத்துக்காரர் போவாசு செய்ததை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறேன். வேலையாட்களைக் கூப்பிட்டு இந்தப் பெண்மேல் கை வைக்கக் கூடாது என்று கட்டளை போடுகிறார். தாகம் எடுத்தால் ஆட்களுக்கு வைத்த பானையிலிருந்து குடிக்கச் சொல்கிறார். சாப்பாட்டு வேளையில் தங்களோடு உட்கார வைக்கிறார். பிறகு அவள் காதில் விழாமல், கட்டிலிருந்து கொஞ்சம் கதிரை வேண்டுமென்றே உருவிப் போடச் சொல்கிறார்.

பாதுகாப்பு, தண்ணீர், சாப்பாடு, மானம் கெடாமல் கிடைக்கும் கூலி. கம்பெனி ஹாஸ்டலில் இருக்கும் பெண்களிடம் இன்றைக்குக் கேட்டாலும் இதே வரிசையில்தான் சொல்வார்கள். ரூத்து தின்றது போக மீந்த வறுத்த தானியத்தை மடியில் கட்டிக்கொண்டு போய் மாமியாரிடம் கொடுக்கிறாள். சம்பளம் வந்த அன்று மாலை ஜிபேயில் ஊருக்குப் பணம் போட்டுவிட்டுத்தான் கடைத்தெருவுக்குப் போகிறார்கள் இவர்கள்.

சாவடிக்காரர்

பேரண்டப்பள்ளி அருகே நெடுஞ்சாலையில் ஒரு பைக் சறுக்கி விழுந்திருந்தது. கம்பெனி பஸ் டிரைவர் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரம் கட்டினார். அடிபட்டவருக்கு நினைவு இருந்தது, கால் முறிவு. நான் துப்பட்டாவால் கட்டிவிட்டு 108க்குக் காத்திருந்தேன். ஒரு லாரி டிரைவர் தானாகவே வண்டியைக் குறுக்கே நிறுத்தி, டார்ச்சைக் காட்டி மற்ற வண்டிகளை விலக்கினார். பஸ்ஸில் எல்லோருக்கும் அன்று லேட் பஞ்ச். ஒருவர் முணுமுணுத்தார். அவரேதான் பிறகு இறங்கி, சாலையோரப் புதரில் அடிபட்டவரின் ஒற்றைச் செருப்பையும் டிபன் பாக்ஸையும் தேடி எடுத்து வந்து கொடுத்தார்.

விபத்தில் உதவுகிறவரைப் போலீஸும் கோர்ட்டும் அலைக்கழிக்கக் கூடாது என்ற வழிகாட்டு நெறிகளுக்கு 2016இல் உச்ச நீதிமன்றம் சட்ட பலம் கொடுத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாகவே அது வந்துவிட்டது. அந்தப் பிரிவு உதவுகிறவருக்கு வைத்திருக்கும் பெயர் நல்ல சமாரியர். லூக்கா எழுதிய கதையின் ஆள் இந்தியச் சட்டப் புத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

போப் பிரான்சிஸ் 2020இல் எழுதிய 'ஃப்ரத்தெல்லி தூத்தி' சுற்றுமடலின் இரண்டாம் அத்தியாயம் முழுக்க இந்தக் கதைதான். எல்லோரும் சமாரியரைப் பற்றிப் பேசுகிறோம். எனக்குச் சாவடிக்காரரைப் பிடிக்கும். சமாரியர் அடிபட்டவரைச் சாவடியில் சேர்த்து, அவரிடம் இரண்டு தெனாரியம் கொடுக்கிறார். திராட்சைத் தோட்ட உவமையில் ஒரு தெனாரியம் ஒருநாள் கூலி, அப்படியானால் இரண்டு நாள் சம்பளம். மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அதன் பிறகு ராத்திரியில் முனகியவருக்குத் தண்ணீர் கொடுத்தது யார்? கட்டை மாற்றியது யார்? கூலி வாங்கிக்கொண்டு செய்கிற வேலைதான். வராமல் போகக்கூடிய ஓர் அந்நியனின் வாக்கை நம்பிக் கடனுக்கும் செய்திருக்கிறார். கூலிக்குச் செய்தால் அது இரக்கம் ஆகாது என்று பேசுகிறவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை. 108இல் வந்த இரண்டு பேரும் சம்பளத்துக்குத்தான் வந்தார்கள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது "வலிக்கும், பல்லைக் கடிச்சுக்கோங்க அண்ணா" என்று சொன்னதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

திருவருகைக் காலம்

விழித்திருங்கள் என்பதுதான் இந்த வாரங்களின் வாசகம். சுற்றிலும் எல்லோரும் விழித்துத்தான் இருக்கிறார்கள். பரணில் விவசாயிகள், பட்டாசும் டார்ச்சுமாக வனக்காவலர்கள், மூன்றாம் ஷிஃப்டில் பெண்கள். பெத்லகேம் செய்தி முதலில் போனதும் ராத்திரி கிடைக்குக் காவல் இருந்த இடையர்களிடம். ஊரில் மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ரகு

2017இல் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு யானைக் குட்டி தனியாகக் கிடைத்தது. தாய் மின்சாரம் தாக்கி இறந்துவிட்டது. குட்டி மெலிந்து, காயத்தோடு இருந்தது. முதுமலை தெப்பக்காடு முகாமில் பொம்மன், பெள்ளி இருவரிடமும் ஒப்படைத்தார்கள். அவர்கள்தான் ரகு என்ற அந்தக் குட்டியைப் பால் புகட்டி, பக்கத்திலேயே படுத்து வளர்த்தார்கள். அவர்களைப் பற்றிக் கார்த்திகி கொன்சால்வெஸ் எடுத்த ஆவணப்படத்துக்கு 2023 மார்ச்சில் ஆஸ்கர் கிடைத்தது எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு மனதில் நிற்பது வேறு. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் மின்வேலியில் சிக்கி இறந்து, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. உலகம் முழுக்கத் தன் பெயர் சொல்லப்பட்ட நேரத்தில் பொம்மன் குட்டி யானை வேலையாகத் தருமபுரியில் இருந்தார்.

பொம்மனும் பெள்ளியும் காட்டுநாயக்கர்கள். அவர்களுக்கென்று தெய்வங்கள் உண்டு. அவர்கள் செய்ததற்குக் கிறிஸ்தவம் என்று பெயர் வைக்க எனக்கு உரிமை இல்லை, வைக்கவும் மாட்டேன். அதைப் பார்க்கிறபோது என் விசுவாசம் பலப்படுகிறது என்று மட்டும் சொல்ல முடியும். இயேசுவும் பெரிய விசுவாசத்தைக் கண்டு வியந்தது உரோமை நூற்றுவர் தலைவனிடம்.

மின்வேலி போட்டவரையும் நினைக்கிறேன். அது குற்றம், சந்தேகமில்லை. தாத்தாவின் வயலைப் பார்த்த பிறகு அவரை அரக்கன் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

திருப்பத்தூர்

தை மாதத்தில் ஒரு கல்யாணத்துக்குத் திருப்பத்தூர் போனபோது கிறிஸ்துகுல ஆசிரமத்துக்கும் போய்வந்தோம். 1921இல் டாக்டர் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் தொடங்கியது. இருவரும் வைத்தியர்கள், இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சனங்கள் ஒருவரைப் பெரியண்ணன் என்றும் மற்றவரைச் சின்னண்ணன் என்றும் கூப்பிட்டார்கள். வெள்ளைக்காரர்தான் சின்னண்ணன். அந்தக் காலத்து மிஷன் பங்களாக்களில் வெள்ளைக்காரருக்கு ஒரு தட்டு, இந்தியருக்கு ஒரு தட்டு என்று இருந்ததை நினைத்தால் இந்தப் பெயர் எவ்வளவு பெரியது என்று புரியும். கதர் உடுத்தியிருந்த சின்னண்ணன் 1932இல் சென்னையில் போலீஸிடம் அடிகூட வாங்கினார்.

கோபுரம் வைத்த அவர்கள் ஜெப ஆலயத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். இளையவனாக இருக்க ஒப்புக்கொள்வதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். நோயாளி முன்னால் நர்ஸுக்கும், புதிதாக வந்த மொழிக்காரர் முன்னால் ஊர்க்காரருக்கும் அது சுலபமாக வருவதில்லை.

மாசி

வனத்துறை யானைகளை ஜவளகிரிப் பக்கம் திருப்பிவிட்டார்கள். இரண்டு மூன்று இன்னும் இங்கேதான் இருக்கின்றன என்கிறார்கள். ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளி விலை விழுந்துவிட்டது. பறிகூலிக்குக்கூட ஆகாது என்று எங்கள் வயலிலேயே செடியோடு விட்டுவிட்டோம். யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லி அனுப்பினார். ஞாயிறு மத்தியானம் ஹாஸ்டல் பெண்கள் சிலர் ஆட்டோவில் வந்து பை நிறையப் பறித்துப் போனார்கள். தாத்தாவுக்கு ஒரு கூடை எடுத்து வைத்தார்கள். யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே.

கோயிலில் தவக்காலம் முழுக்க விசுவாசிகள் மன்றாட்டில் ஒன்றை அவர்கள் மொழியில் வைக்கலாமா என்று பங்குப் பேரவையில் கேட்டோம். புரியாத மொழியில் எப்படி ஆமென் சொல்வது என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. இத்தனை மாதமாக அவர்கள் நமக்கு எப்படிச் சொல்கிறார்களோ அப்படித்தான் என்றார் ஃபாதர். முதல் வாரம் அந்த நூல் செபமாலைப் பெண் தன் சாத்ரி மொழியில் வாசித்தாள். இரண்டாவது வாரம் அவளுக்கு ஷிஃப்ட் மாறிவிட்டது, வர முடியவில்லை. பெஞ்சு மாறி உட்கார்ந்த அக்கா யார் யாரையோ கேட்டு, ஒடிசாவிலிருந்து வந்த ஒருத்தியைப் பிடித்திருக்கிறார். அவள் ஒடியாவில்தான் வாசிப்பேன் என்கிறாள், அதுவும் காடுகளில் காவல் இருக்கிறவர்களுக்காக என்று எழுதி எடுத்து வந்திருக்கிறாள். அவள் அப்பா காவலுக்குப் போகிறவராம்.